வெள்ளிமலைக் குளிர்

சென்ற மார்கழியில் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையில் யாம் ஓரிரவு தங்கினோம். எம்மோடு நெடுநாள் பிணங்கியிருந்த நண்பரும் உடன் வந்திருந்தார். கம்பளியோ ஒன்றே, குளிரோ கொடிது. வாய் பேசாது இருவரும் அதனையே போர்த்துக்கொண்டோம்.

பௌதிக வகுப்பிற் கற்றது நினைவிற்கு வந்தது. பெர்மியான் இனத்து அணுக்கள் இரண்டு ஒரே நிலையில் ஒருங்கிரா. எனினும், 2003-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் டெபோரா ஜின் அம்மையார் குழுவினர், பொட்டாசியம்-40 அணுக்களைத் தனிச்சுழிக்கு மேல் ஒரு பாகையின் பத்து லட்சத்தில் ஒரு பங்கினும் கீழாகக் குளிர்வித்து, காந்தப்புலத்தை மெல்ல மாற்றி, இவ்விரண்டாக மூலக்கூறுகளாய் இணைத்தனர். இணைந்தவை, நம் நாட்டு சத்தியேந்திரநாத் போஸின் பெயர் தாங்கிய போசான்களாகி, ஒரே நிலையிற் கூடவும் வல்லன. சிறிது சூடேறினும் அவ்விணைப்புக் குலையும்.

மறுநாள் கள்ளக்குறிச்சி வெயிலுக்கு இறங்கினோம். எம் நட்புக் குலையவில்லை.