24 மணி நேரத்துக்குப் பின் ஒரு கவளம்

கொலோனோஸ்கோபி செய்துகொண்டவர்கள் பரிசோதனையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. மயக்க ஊசியில் தூங்கியவர்களுக்குப் பேச என்ன இருக்கிறது? முந்தைய இரவு குடித்த மருந்துத் தண்ணீரைப் பற்றிப் பேசுவார்கள். அல்லது முடிந்தபின் சாப்பிட்ட முதல் கவளத்தைப் பற்றி.

அந்தத் தண்ணீரில் இருப்பது பாலிஎதிலின் கிளைக்காலும் சில உப்புகளும். உடம்பு அதை உறிஞ்சிக்கொள்ளாது. போகிற வழியையெல்லாம் கழுவிக்கொண்டு அப்படியே வெளியேறும். எனக்கு இரண்டு லிட்டர். பாதி மாலையில், மீதி விடியற்காலையில். இடையே இளநீர், வடிகட்டிய ரசத் தெளிவு, பால் விடாத காபி. சிவப்பு நிறத்தில் எதுவும் கூடாது. கேமராவில் ரத்தம் போலத் தெரியும்.

அப்பாவுக்கு 58 வயதில் பெருங்குடல் புற்றுநோய். அதற்கு முன் ஒரு வருஷம் 'மூலம்' என்று சொல்லி மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இந்த நோய் இருந்தால் 40 வயதில், அல்லது அவர்களுக்குக் கண்டுபிடித்த வயதுக்குப் பத்து வருஷம் முன்பாக, எது முந்தியதோ அப்போதே பார்த்துவிட வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். கட்டியாக மாறுவதற்குப் பல வருஷங்கள் முன்பே சிறு மொட்டாக, பாலிப்பாக இருக்கிறது அது. அந்த நிலையிலேயே நறுக்கி எடுத்துவிடலாம். 2021 நவம்பரில் அமெரிக்க ஜனாதிபதி பைடனுக்கு இப்படி எடுத்தது 3 மில்லிமீட்டர் மொட்டு. அவர் மயக்கத்தில் இருந்த 85 நிமிடங்கள் அதிபர் அதிகாரம் கமலா ஹாரிஸிடம் இருந்தது. மன்னார்குடி அருகே துளசேந்திரபுரத்துக்காரரின் பேத்திக்கு அந்த அதிகாரம் வந்தது ஒரு குடல் பரிசோதனையால்!

எனக்கும் ஒரு மொட்டு எடுத்தார்கள். கண் விழித்ததும் நர்ஸ் கேட்ட முதல் கேள்வி, "காத்து போச்சா சார்?" குடலை விரித்துப் பார்க்க உள்ளே காற்றோ கார்பன் டை ஆக்சைடோ செலுத்துகிறார்கள். அது வெளியேறாமல் சாப்பாடு இறங்காது. போயிற்று என்று சொன்ன பிறகு கொஞ்சம் தண்ணீர். குமட்டல் இல்லை என்றானதும் வீடு. வண்டி ஓட்டக் கூடாது, மது கூடாது, பத்திரம் எதிலும் அன்று கையெழுத்துப் போடக் கூடாது. கடும் வயிற்றுவலி, காய்ச்சல், நிறைய ரத்தம், இவற்றில் எது வந்தாலும் உடனே வரவேண்டும். இரண்டு நாள் வெளிக்குப் போகாவிட்டால் பயமில்லை. காலியான குடல் நிரம்ப நேரமாகுமே.

தொம்மலூர் வீட்டில் அதற்குள் ஒரு விவாதம் நடந்து முடிந்திருந்தது. மனைவி இட்லி என்றாள். பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மாள் ஒரு கிண்ணம் மொசரன்ன அனுப்பியிருந்தார். அம்மா யாரையும் கேட்கவில்லை. "குழைய வடிச்சிருக்கேன், காரம் போடல" என்று ரசத்தை ஊற்றித் தன் கையாலேயே பிசைந்தாள்.

மருத்துவர் சொன்னதும் ஏறக்குறைய அதுதான்: கொஞ்சமாக, மென்மையாக, காரம் இல்லாமல். கீரை, கொட்டை, பச்சைக் காய்கறிகள் சில நாள் கழித்து. பால் காபி வயிற்றை உப்ப வைக்கலாம் என்பதால் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. அதுதான் பெரிய தியாகம்.

முதல் கவளத்தில் உப்பு தெரிந்தது, புளி தெரிந்தது, சீரகம் தனியாகத் தெரிந்தது. 24 மணி நேரப் பட்டினியில் நாக்கு இவ்வளவு கூர்மையாகிவிடுகிறது. அம்மா எதிரே உட்கார்ந்து என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் கடைசி மாதங்களில் இதே சாதத்தைக் கஞ்சியாகக் கரைத்துக் கொடுத்தவள். அவருக்கு இறங்காது. "இறங்குதாடா?" என்றாள். இன்னும் கொஞ்சம் போடு என்றேன்.

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. அடினோமா. புற்றுநோய் இல்லை, விட்டிருந்தால் ஆகியிருக்கக்கூடியது. ஐந்து வருஷம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஓசூரில் இருக்கும் தம்பிக்கு 44 வயது. அடுத்த மாதம் அவனும் தேதி வாங்கியிருக்கிறான். போனில் ஒன்றுதான் கேட்டான்: "மருந்துத் தண்ணி உப்பா இருக்குமா, இனிப்பா இருக்குமா?"

இரண்டும் என்றேன்.