இழுக்க மட்டுமே அறிந்த தசை

மனித உடலில் 206 எலும்புகள் என்று ஒப்பிக்காத பள்ளிப் பிள்ளை இல்லை. அவ்வெலும்புகளை அசைப்பது எது என வினவினால்தான் விழிப்பர்.

என் அண்ணன் பிள்ளைகளுக்கு இதனை விளக்க, இரண்டு அட்டைத் துண்டுகளை முழங்கைபோல் ஒரு குண்டூசியால் இணைத்து, முன்புறம் ஒரு நூலைக் கட்டினேன். நூலை இழுத்ததும் அட்டைக் கை மடங்கிற்று. "இனி நீட்டு" என்றேன். இளையவள் நூலைத் தள்ளிப் பார்த்தாள், அது துவண்டது. சற்றே சிந்தித்து, "பின்னாலயும் ஒரு நூல் கட்டுங்க சாச்சா" என்றாள்.

பாடம் முழுவதும் அவ்வளவே. தசைக்கு இழுக்கத் தெரியும்; தள்ளத் தெரியாது. புயத்தின் முன்புறத்து இருதலைத்தசை சுருங்கினால் முழங்கை மடங்கும். பின்புறத்து முத்தலைத்தசை சுருங்கினால் நீளும். சுஜூதிலிருந்து எழுகையில் கைகள் நிலத்தைத் தள்ளுகின்றனவே, அப்போதும் உள்ளே நிகழ்வது இழுப்புத்தான்!

தசையை எலும்போடு பிணைப்பதற்குத் தசைநாண் என்று பெயர். நாண் வில்லுக்கு உரியது. ஆங்கில வழியில் 'டெண்டன்' என்று மனனம் செய்திருந்த மூத்தவனுக்கு அச்சொல் எதையும் காட்டியிருக்கவில்லை. தமிழ்ப் பெயரைச் சொன்னதும் குனிந்து தன் குதிகாலின் பின்புறத்தைத் தொட்டுப் பார்த்தான்.

"நாண்தான் சாச்சா, விறைப்பா இருக்கு."