பெரிய முள்

திருச்சிக்குச் சீட்டு எடுத்ததும் நேரங்களைக் கழித்துப் பார்ப்பது என் பழக்கம். செனாய் விமான நிலையம் பக்கத்தில் இருந்தாலும், கடற்பாலம் தாண்டிச் சிங்கப்பூரின் சாங்கியில் ஏறுவதுதான் ஜொகூர் பாருவில் எங்கள் வீட்டு வழக்கம். விடுமுறைக்கு முந்தைய இரவென்றால் அந்த ஒரு கிலோமீட்டர் பாலமே இரண்டு மணி நேரத்தை விழுங்கிவிடும். அதற்கப்பால் சுமார் 3,000 கிலோமீட்டர் ஆகாயம்; பறக்க ஏறக்குறைய நான்கு மணி நேரம். ஆனால் சீட்டின்படி, போக ஒன்றரை மணி, திரும்பி வர ஆறரை மணி. இரு ஊர்க் கடிகாரங்களுக்கும் நடுவே இரண்டரை மணி நேரம் கிடக்கிறது.

அந்த அரை மணியைப் பார்த்தால் எனக்கு அப்பாயி நினைவு வரும்.

நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறி, ஒரு வாரம் போலக் கடலில் கிடந்து வந்தவர்; குளுவாங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டினார். திரும்பிப் போகவே இல்லை. எழுத்துத் தெரியாது, முள் தெரியும். அப்போது இங்கும் அங்கும் சரியாக இரண்டு மணி வித்தியாசம். பெரிய முள் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். சின்ன முள்ளை மனசுக்குள் இரண்டு எண் பின்னுக்குத் தள்ளினால் போதும். பால் நிறுத்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு லயத்துக்கு வந்ததும் சுவரைப் பார்ப்பார். "இப்ப அங்க பத்து. தம்பி மாட்ட அவுத்துவிட்டிருப்பான்." பிறகுதான் சோற்றில் கை வைப்பார்.

1981 டிசம்பர் 31, இரவு பதினொன்றரை. தீபகற்ப மலேசியா சபா, சரவாக்கின் நேரத்தோடு சேர்வதற்காக அரை மணியைத் தாண்டி, அந்தக் கணமே நள்ளிரவானது. சிங்கப்பூரும் கூடவே தாண்டியது. அப்பா முக்காலியில் ஏறி முள்ளைத் திருப்பினார்.

"ஊர்லயும் தள்ளி வெச்சிருப்பாங்களாப்பா?" என்றார் அப்பாயி.

"இல்லம்மா. இங்க மட்டுந்தான்."

மரத்துக்கு இதெல்லாம் ஒன்றுமில்லை. வெயில் ஏறுவதற்குள் வெட்டியாக வேண்டும், அவ்வளவுதான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்றவர்களும் சில நாளில் பழகிக்கொண்டார்கள். அப்பாயிக்குத்தான் முடியவில்லை. பன்னிரண்டுக்குக் கடிகாரத்தின் முன் நின்று, விரலை மடக்கி, பாதியில் விட்டுவிடுவார். "பெரிய முள்ளு அங்க வேற எங்கயோ நிக்குதுடா" என்றார் ஒருநாள். அவருடைய தம்பி மாட்டை அவிழ்த்தானா இல்லையா என்று அதற்குப் பிறகு அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

இன்றும் சாவி கொடுக்கிற கைக்கடிகாரம்தான் கட்டுகிறேன். திருச்சியில் சக்கரம் தரையைத் தொட்டதும் திருகை இழுத்துப் பின்னோக்கிச் சுற்றுவேன். முதலில் முழுதாக இரண்டு மணி. அங்கே கொஞ்சம் நிறுத்திப் பார்த்துக்கொள்வேன். அப்புறம்தான் அந்த அரை மணி.