அயலவரின் துவக்கு

துவக்கு என்ற சொல் எம்மவர் வீடுகளில் இன்னும் தாழ்ந்த குரலிலேயே பேசப்படுகின்றது. பிரித்தானியாவிலோ, விடுமுறை நாட்களில் கடதாசி இலக்கிலே துளையிட்டு மகிழ்வோர் பலர் உளர். ஹவுன்ஸ்லோவில் எமது அயலவர் அத்தகையோருள் ஒருவர். விமான நிலையத்தில் பொறிவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர்.

முன்னர் அவர் கைத்துப்பாக்கி சுட்டவர். ஹங்கர்போர்ட் படுகொலையை அடுத்து, தானாகவே ரவையேற்றும் ரைபிள்களுள் சிறு ரகம் தவிர்ந்தவை 1988இல் தடைசெய்யப்பட்டன. 1996இல் டன்பிளேன் பாடசாலையில் 16 சிறாரும் அவர்தம் ஆசிரியையும் கொல்லப்பட்டதன் பின், 1997இல் கைத்துப்பாக்கிகளும் பறிக்கப்பட்டன. எஞ்சியது, கௌபோய் படங்களில் நாம் கண்ட நெம்புகோல் ரைபிள். கைப்பிடியின் கீழுள்ள நெம்பை முன்தள்ளி இழுத்தால் வெற்றுக்கோது வெளியே பாயும்; அடுத்த ரவை உள்ளே ஏறும். கைத்துப்பாக்கி ரவைக்கு அமைந்த வகைகளும் இதில் உண்டாகையால், கைத்துப்பாக்கி இழந்தோர் பலர் இதற்கு மாறினர். (இந்நாட்டவர் தடைக்குள்ளும் ஒரு கழகம் காண்பர்!)

அவரது வேலைமேசையருகே நாம் முதன்முறை நின்றபோது, அவர் அதன்மேல் தொலைநோக்கி பொருத்திக்கொண்டிருந்தார். இது எளிதன்று. பழைய வின்செஸ்டர் 1894 வெற்றுக்கோதை மேல்நோக்கி எறியும். நேர்மேலே தொலைநோக்கி வைத்தால் கோது அதில் மோதும். அவருடைய மார்லினோ வலப்புறமாக எறிவது. அதன் தட்டையான மேற்புறத்தில் தாங்கியைத் திருகலாம். ஆயினும் சுத்தியல் தொலைநோக்கியின் அடியில் மறைவதால் பெருவிரல் எட்டாது. பக்கவாட்டில் ஒரு சிறு நீட்சி பூட்டவேண்டும். கண்ணும் உயரவேண்டியிருப்பதால் கன்னம் படியும் கட்டைமீது தோலட்டை கட்டினார்.

விசைவில்லே அவருக்குப் பெருங்கவலை. இழுப்பு கனமாகவும் கரகரப்பாகவும் இருந்தால் விரலோடு குழலும் அசைந்து குறி தவறும். சுத்தியலைப் பிடித்துநிற்கும் கொளுவியின் முகத்தை மிக மென்மையான கல்லினால் தேய்த்து வழவழப்பாக்கினார். ஒரு மயிரிழை மிகையாகத் தேய்ந்தாலும், துவக்குத் தட்டுப்பட்ட மாத்திரத்தில் சுத்தியல் விழக்கூடுமாம். ஆகவே ரவையின்றிச் சுத்தியலை இழுத்துவைத்து, அடிக்கட்டையை உள்ளங்கையால் பலமுறை தட்டிப் பார்த்தார். எம் ஊரிலே அத்தனை துவக்குகள் திரிந்தன. அவற்றின் விசைவில் தவறுதலாக இயங்கிவிடுமோ என்று எவரும் இவ்வாறு தட்டிப் பார்த்ததை நாம் கண்டதில்லை. தவறுதலாக வெடித்ததென்ற செய்தியோடு வந்த சடலங்களை மட்டும் கண்டோம்.

இங்கு ஒவ்வொரு ரைபிளும் பொலிஸ் அனுமதிப் பத்திரத்தில் பதியப்படல் வேண்டும். பூட்டிய இரும்புப் பெட்டியில் இருத்தல் வேண்டும். இவற்றையெல்லாம் அம்மம்மாவுக்கு விளக்கினோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அது சரி, அவர் எந்த இயக்கமாம்?” என்றார். பிள்ளைகள் சிரித்தனர். எமக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்நிலையிற்றான் அயலவர், தமது கழகத்தின் விருந்தினர் நாளுக்குப் பதினாறு வயதான எம் மகனை அழைத்தார். பெற்றோரின் ஒப்பம் வேண்டும். அவனைத் துவக்கிலிருந்து காப்பதற்கென்றே காணி விற்று இந்நாட்டுக்கு வந்தோம். இங்கு எம் கையாலேயே அவன் கையில் அதனைக் கொடுப்பதா? இரு இரவுகள் வாதிட்டோம். சட்டத்துக்கு அடங்கிய துவக்கு என்று ஒன்று உண்டென்பதை அவன் அறியட்டுமே என்று எம்முள் ஒருவர் சொன்னார். மற்றவர் அதனை இன்றளவும் ஏற்கவில்லை. படிவத்தில் ஓர் ஒப்பம் போதுமானதாயிருந்தது.

அவன் சென்று வந்தான். இருபது ரவையில் பதினொன்று கறுப்பு வட்டத்துள் பட்டனவாம். அந்தக் கடதாசி அவனது பௌதிகப் புத்தகத்துக்குள் இருக்கின்றது. அம்மம்மாவின் கண்ணில் படும் இடத்தில் அதனை ஒட்ட அவனும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை.