அழுத்துவது குழந்தையாக இருக்கட்டும்

பொம்மையைப் பிரிப்பதற்கு முன் அதை முழுதாக ஆடவிட்டுப் பார். அக்கா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இதுதான். அக்கா ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். சென்னையில் பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளோடு வேலை செய்கிறார். நான் படித்தது எலக்ட்ரானிக்ஸ்.

கடையில் விற்கும் குரைக்கும் நாய்க்குட்டிக்குப் பொத்தான் நகத்தளவுதான் இருக்கும். விரல்களைப் பிரித்து ஒன்றை மட்டும் நீட்ட முடியாத குழந்தைக்கு அந்த நாய்க்குட்டி இருந்தும் இல்லை. அந்தப் பொத்தானின் வேலையைக் கையகலச் சுவிட்ச் ஒன்றுக்கு மாற்றித் தருவதுதான் நான் பழகிய தொழில்.

ஆன் செய்ததுமே ஓடுகிற பொம்மை என்றால் திறக்கவே வேண்டாம். இரு பக்கமும் செம்பு பூசிய மெல்லிய பலகைத் துண்டில் பக்கத்துக்கு ஒரு ஒயர் பற்றவைத்து, பென்சில் செல்லுக்கும் அது தொடும் தகட்டுக்கும் நடுவில் செருகினால் மின்சுற்று அங்கே நின்றுவிடும். ஒயர்களின் மறுமுனையில் 3.5 மில்லிமீட்டர் மோனோ ஜாக். அதில் மாட்டிய சுவிட்சை அழுத்தினால் சுற்று கூடி பொம்மை ஓடும். வெளிநாட்டுச் சுவிட்சுகளும் பெரும்பாலும் இதே அளவில்தான் வருகின்றன. அதனால் குழந்தை பழகிய ஒரே சுவிட்சைப் பல பொம்மைகளுக்கு மாட்டலாம்.

ஆன் செய்த பிறகும் வயிற்றை அழுத்தினால்தான் குரைக்கும் என்றால் தையலைப் பிரிக்க வேண்டியதுதான். உள்ளே அந்தப் பொத்தானின் இரண்டு கால்களை மல்டிமீட்டரில் கண்டுபிடித்து, இணையாக இரண்டு ஒயர் சேர்க்க வேண்டும். பழைய பொத்தானும் வேலை செய்யும் என்பதால் தம்பி தங்கைகளும் சேர்ந்து விளையாடலாம். ஒயர் வெளியே வரும் இடத்தில் உள்பக்கம் ஒரு முடிச்சு கட்டாயம். குழந்தை இழுத்தால் பாரம் முடிச்சோடு நிற்கும். எல்லாம் வாய்க்குப் போகும் என்பதால் ஈயம் கலக்காத சால்டர் கம்பிதான். பட்டன் செல் போட்ட பொம்மையை அக்கா தொடவே விடமாட்டார். விழுங்கிச் சிக்கிக்கொண்டால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடக்கூடும். சத்தம் அதிகமென்றால் ஸ்பீக்கர் ஒயரில் ஒரு ரெசிஸ்டர் சேர்ப்போம். திடீர்ச் சத்தத்துக்கு இந்தக் குழந்தைகளில் பலருக்கு உடம்பே விறைத்துக்கொள்ளும்.

இவ்வளவுக்கும் வேண்டிய சாமான் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். பழகினால் யாருக்கும் கை வரும். சுவிட்சை எங்கே வைப்பது என்பதுதான் கடினம். அதைக் கற்க, குழந்தையின் அருகில் சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது. தானாகத் தொடங்கவும் தானாக விடவும் முடிகிற ஓர் அசைவைத் தேடுகிறோம். ஒரு சிறுமிக்குக் கையை நீட்ட நினைத்தாலே முஷ்டி இறுகிவிடும். ஆனால் வலது முழங்காலை வெளியே தள்ளுவாள், திரும்ப எடுத்துக்கொள்வாள். நாற்காலியின் பக்கவாட்டில், முழங்காலுக்கு நேராகச் சுவிட்சைக் கட்டினோம்.

பிறகு காத்திருந்தோம். அவள் அம்மாவின் கை உதவிக்கு நீண்டது. “கைய எடும்மா. எவ்வளவு நேரமானாலும் அவளே அழுத்தட்டும்” என்றார் அக்கா. குழந்தையின் கையைப் பிடித்து நாம் அழுத்தினால், அம்மா வந்தால் நாய் குரைக்கும் என்றுதான் அது கற்றுக்கொள்ளும். அன்பினால் செய்கிறோம், ஆனாலும் அது குழந்தையிடமிருந்து பறிப்பதுதான்.

முழங்கால் தற்செயலாகப் பட்டது. நாய் குரைத்தது. கால் விலகியதும் நின்றது. எத்தனை முறை அழுத்தினாள் என்று அக்கா எண்ணவில்லை. அவள் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுத்துவதற்கு முன்பே பார்வை பொம்மைக்குப் போனால், என்ன நடக்கப்போகிறது என்று குழந்தைக்குத் தெரிந்துவிட்டது என்று பொருள். அன்று சாயங்காலத்துக்குள் அவள் நாயைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் காலைத் தள்ளினாள்.

இதை வெறும் விளையாட்டு என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இதே சுவிட்சில் “அம்மா, இங்க வா” என்று பதிந்த குரலை ஒலிக்கவைக்கலாம். திரையில் படங்கள் மீது வெளிச்சம் ஒவ்வொன்றாக நகர, வேண்டிய படத்தில் அழுத்தி வாக்கியம் சேர்க்கும் முறைக்கும் இதே அசைவு போதும். பேச்சு வராத குழந்தை பேசத் தொடங்கும் வழிகளில் இதுவும் ஒன்று.

சால்டரிங் தெரிந்தவர்கள் உங்கள் ஊர்ச் சிறப்புப் பள்ளிக்கு ஒரு நாள் போய் வாருங்கள். அலமாரியில் எந்தப் பொம்மைகள் சும்மா கிடக்கின்றன என்று அங்கே கேளுங்கள். அவற்றைத் திறப்பதற்கு முன், யாருக்காகத் திறக்கிறீர்களோ அந்தக் குழந்தையோடு கொஞ்ச நேரம் உட்காருங்கள்.