இரண்டாவது சாவி

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை பின்னால் மறைந்து, வெள்ளிமலைக்கு ஏறும் வளைவு ஒன்றில் அது நடந்தது. மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்கு மாற்ற வேண்டும். இடது கை கியரின் மேல்தான் இருந்தது. விரல்கள் மூடவில்லை. வண்டி திணறி நின்று, ஒரு முழம் பின்னால் உருண்டது. இரண்டு கைகளாலும் ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்தேன். பக்கத்தில் அம்மா.

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா, வண்டி பழசாயிடுச்சு."

பழியை வண்டிமேல் போட்டேன். மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை.

எனக்கு முடக்குவாதம். ஊரில் சரவாங்கி என்பார்கள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைப் பகையென்று நினைத்துத் தாக்கும் நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. தொடக்கத்திலேயே மருந்து எடுத்தால் மூட்டுகளைப் பெருமளவு காப்பாற்றிவிடலாம். நான் இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போட்டேன். வேலைக்கும் போய் வீட்டையும் பார்க்கிற பெண்ணுக்குக் கை வலிக்காமல் வேறென்ன வலிக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வண்டி, 2010-இல் வாங்கிய வெள்ளை மாருதி 800. முனைவர் பட்டம் முடித்து, வேலை கிடைத்து, என் சம்பளத்தில் என் பெயரில் வாங்கிய முதல் பெரிய பொருள். அம்மா வெள்ளிமலையில் கிராம செவிலியராக இருந்தவள். ஓய்வு பெற்ற பிறகும் அங்கேயே தங்கிவிட்டாள். அவளைப் பார்க்க வேண்டுமென்றால் அதுவரை பேருந்து நேரமும் வீட்டு ஆண்களின் ஓய்வு நேரமும் ஒத்துவர வேண்டும். முதல்முறை நானே ஓட்டிக்கொண்டு மேலே போனபோது டீக்கடைக்காரர் பின்சீட்டை எட்டிப் பார்த்து, "டிரைவர் எங்கம்மா?" என்றார். கன்னியாகுமரியில் வசந்தகுமாரி அரசுப் பேருந்து ஓட்ட வந்தது 1993-இல். பதினேழு ஆண்டு கழித்தும் அந்தச் செய்தி எங்கள் மலைக்கு ஏறிவரவில்லை.

அந்த வண்டியில் விடைத்தாள் கட்டுகள் வந்திருக்கின்றன, மரவள்ளிக் கிழங்கும் கடுக்காயும் வந்திருக்கின்றன. இரண்டு இரவுகளில் வலி கண்ட பெண்களைப் பின்சீட்டில் படுக்கவைத்து, அம்மா துணையிருக்கக் கீழே இறக்கியிருக்கிறேன். என் கவிதைகளில் பாதி அந்த ஸ்டீயரிங்குக்குப் பின்னால் தோன்றியவை.

2025-இல் இரண்டு கணக்குகள் ஒன்றாக முடிந்தன. வண்டிக்குப் பதினைந்து ஆண்டு. பதிவைப் புதுப்பிக்க வேண்டும். எனக்கு நாற்பத்தொன்பது, ஐம்பதோடு ஓட்டுநர் உரிமம் முடிகிறது. அதைப் புதுப்பிக்கும் தாள்களில் ஒன்று உடல்தகுதி பற்றி நாமே கொடுக்கும் உறுதிமொழி. கை கால்களின் அசைவிலோ வலுவிலோ குறை உண்டா என்று அதில் ஒரு கேள்வி. 'இல்லை' என்று குறித்துவிடலாம். யார் பார்க்கப் போகிறார்கள்? பின்னால் உருண்ட அந்த ஒரு முழம் எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரிந்திருக்கும்.

கிளட்ச் இல்லாத வண்டி வாங்கச் சொன்னாள் தோழி. சமவெளியில் அது சரி. கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை ஒடிக்க விரல்கள் வேண்டுமே. கணவர், "வித்துடலாம், இரும்பு விலைதான் வரும்" என்றார். தம்பி, "பையன் ஓட்டிப் பழகட்டும்க்கா" என்றான். என் வண்டிக்கு ஆளாளுக்கு ஒரு முடிவு இருந்தது. வைத்துக்கொள்ளவும் ஆசைதான், ஓட்டாவிட்டாலும் வாசலில் நிற்கட்டுமே என்று. அப்போது நினைவுக்கு வந்தது தில்லியின் முதல் மாருதி 800. 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி கையால் சாவி வாங்கிய ஹர்பால் சிங், 2010-இல் இறக்கும்வரை அதை விடவில்லை. அவருக்குப் பின் அது வெயிலிலும் மழையிலும் நின்று துருவேறியது. பிறகு நிறுவனமே சீர்செய்து தன் தலைமையகத்தில் காட்சிக்கு வைத்தது. துரு அல்லது கண்காட்சி. என் வண்டிக்கு இரண்டுமே வேண்டாம் என்று தோன்றியது.

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் பாரியின் கொடைமடம் நடத்திக்கொண்டிருந்தேன். முல்லைக்குத் தேர் ஈந்த கதை. மலையிலிருந்து வந்து படித்த மாணவி எழுந்து, "கொடிக்குத் தேரைக் குடுத்தாரே மேடம், பொண்ணுங்களுக்கு என்ன குடுத்தார்?" என்றாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பறம்பு வீழ்ந்தபின் கபிலர் அந்தப் பெண்களை மன்னர் வாசல்களுக்கு அழைத்துப் போனார். அவர் உயிர்விட்ட இடமென்று காட்டப்படும் பாறை எங்கள் மாவட்டத்துத் திருக்கோவிலூரில்தான், பெண்ணையாற்றில் இருக்கிறது. தேர் கொடுத்தவனின் மகள்களுக்கு, நான் படித்த பாட்டு எதிலும் ஒரு தேர் இல்லை.

அந்த மாணவி இப்போது மலையில் ஆசிரியை. ஓட்டக் கற்று உரிமம் வாங்கி வைத்திருந்தாள், வண்டிதான் இல்லை. அவளுக்கே கொடுப்பதென்று முடிவு செய்தேன். உடனே உட்கார்ந்து நிபந்தனைகளை எழுதினேன். மாதம் இருமுறை அம்மாவைக் கீழே அழைத்து வர வேண்டும். இரவில் யாருக்காவது வலி கண்டால் போக வேண்டும். விற்கக் கூடாது. எழுதியதைப் படித்தால் நகை போட்டு அனுப்பும் வீட்டின் குரல் கேட்டது. கழுத்தில் கிடக்கும், அவளுடையதாக இருக்காது. தாளைக் கிழித்தேன்.

பெயர் மாற்றாமல் "வச்சு ஓட்டிக்கோ" என்று கொடுப்பதும் அதே கதைதான். பதிவுச் சான்றில் யார் பெயரோ அவர்தான் சட்டத்துக்கு உரிமையாளர். விபத்து நடந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்திட்டேன். வலது கையும் ஒத்துழைக்காத நாள் அது. என் கையெழுத்தே வேறொருத்தியுடையது போல இருந்தது.

அவள் சும்மா வாங்க மறுத்தாள். 2022 ஏப்ரல் முதல் பதிவைப் புதுப்பிக்கக் கட்டணம் 600-இலிருந்து 5,000 ரூபாயாகிவிட்டது. "அத நான் கட்டுறேன் மேடம். அப்பதான் என் வண்டி" என்றாள். எனக்கு மூன்று வாரம் யோசித்தும் பிடிபடாதது அவளுக்கு ஒரு வாக்கியத்தில் தெரிந்திருந்தது.

போன மாதம் அவளோடு இடப்பக்கத்தில் உட்கார்ந்து மலை ஏறினேன். அதே வளைவு. கியரைச் சீக்கிரமே மாற்றிவிட்டாள். என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. பார்த்தும் பார்க்காத மாதிரி ஓட்டினாள். பின்சீட்டில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். நான் ஓட்டும்போது அவள் ஒருநாளும் தூங்கியதில்லை.

அந்த உறுதிமொழித் தாளில் 'உண்டு' என்று எழுதி வைத்திருக்கிறேன். அதை எங்கும் கொடுக்கப் போவதில்லை. மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அதன் அடியில் வண்டியின் இரண்டாவது சாவி. அவள் கேட்கவில்லை, நானும் மறந்ததுபோல் இருந்துவிட்டேன். நிபந்தனைத் தாளைக் கிழித்தவள்தான் இதை ஒளித்து வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு அவள் வருகிறாள். கொடுத்துவிட வேண்டும்.