நாய்க்குட்டிக்கு ஒரு தமிழ்ப் பெயர்

பிள்ளையின் கையில் படக்கதைப் புத்தகத்தைக் கண்டதும், "பாடத்தைப் படிக்காமல் இதென்ன பொம்மைப் புத்தகம்?" என்று கடிந்துகொள்ளாத பெற்றோர் நம்மில் சிலரே. அந்தக் கோபத்தைச் சற்றே ஒத்தி வைத்துவிட்டு, ஏற்காட்டுக்கு அப்பால் சேர்வராயன் மலையிலுள்ள மாரமங்கலத்தில் நான் கண்டதைக் கேளுங்கள்.

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், கோடை விடுமுறைகளில் அங்கே மொழி வகுப்பு நடத்தி வருகிறேன். 2024ஆம் ஆண்டு மே மாதம் வந்த பிள்ளைகள் இருவகையினர். ஒரு சாரார், வளைகுடா நாடுகளில் ஆங்கிலப் பள்ளியில் பயிலும் நம் உறவினர் பிள்ளைகள். தமிழ் பேசுவார்கள்; எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறுவார்கள். மறு சாரார், காப்பித் தோட்டங்களில் உழைக்கும் மலைவாழ் மக்களின் பிள்ளைகள். தமிழ் அவர்கள் நாவில் துள்ளும். ஆங்கிலம் என்றால் வாய் திறவார்கள். முன்னவருக்குப் பெருமிதம், பின்னவருக்குக் கூச்சம். இரண்டு நாட்கள் ஒருவரோடொருவர் பேசவேயில்லை.

அவர்கள் நடுவே நான் வைத்தது 'ஆஸ்டெரிக்ஸ்' படக்கதையின் ஆங்கிலப் பதிப்பு. 1959 அக்டோபர் 29 அன்று பிரெஞ்சு வார இதழொன்றில் தொடங்கிய தொடர் இது. ஜூலியஸ் சீசரின் ரோமானியப் படைக்கு அடிபணியாத ஒரு சிற்றூரின் கதை. எழுதியவர் கோசினி, வரைந்தவர் உதெர்சோ. இருவருமே பிரான்சுக்குப் பிழைக்க வந்த குடும்பங்களின் மைந்தர்கள். நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளிலும் வட்டார வழக்குகளிலும் இது வெளியாகியுள்ளது. இன்று எவருக்கும் தாய்மொழியாக இல்லாத லத்தீனிலும் உண்டு. ஐரோப்பிய ஆசிரியர்கள் அதைக் கொண்டு லத்தீன் கற்பிக்கிறார்கள்.

காரணம் எளியது. படம் பொருளை முன்னதாகச் சொல்லிவிடுகிறது. சொல் பின்னால் வந்து அதில் அமர்கிறது. அறியாத சொல்லைக் கண்டு பிள்ளை அஞ்சுவதில்லை.

தோட்டத்துப் பிள்ளை ஒருவரையும் வளைகுடாப் பிள்ளை ஒருவரையும் இணை சேர்த்தேன். வசன பலூனின் அளவுக்கு வெள்ளைத்தாள் வெட்டி, அதில் தமிழ் வசனம் எழுத வேண்டும். சினத்தால் முகம் சிவந்த ஒருவனுக்கு, துபாயிலிருந்து வந்த சிறுவன், "நான் மிகவும் கோபமாக இருக்கிறேன்" என்று எழுதினான். இணையான சிறுமி சிரித்துவிட்டாள். "கோபம் வந்தவன் இப்படியா பேசுவான்?" என்று கேட்டு, "எட்டிப் போடா அந்தப் பக்கம்!" என்று எழுதச் சொன்னாள். தாளிலும் இடம் மிஞ்சியது! அன்றுமுதல் அவன் அவளிடம் தமிழ் கேட்டான். அவள் அவனிடம் ஆங்கிலம் கேட்டாள்.

கதையில் ஒரு நாய்க்குட்டி உண்டு. முதலில் அது பெயரின்றியே நாயகர்களைப் பின்தொடர்ந்தது. வாசகர்களிடம் போட்டி வைத்தே அதற்குப் பெயர் சூட்டினார்கள். பிரெஞ்சில் 'இதெஃபிக்ஸ்', ஒரே எண்ணத்தைப் பற்றிக்கொண்டிருப்பது என்று பொருள்படும் சொல்லாட்சியிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் 'டாக்மாட்டிக்ஸ்', நாய் என்ற சொல்லும் பிடிவாதம் என்ற பொருளும் ஒருசேர நிற்கும். இவ்வாறே டின்டின் கதையின் 'மிலூ' என்ற நாயை, வங்கக் கவிஞர் நிரேந்திரநாத் சக்கரவர்த்தி 'குட்டூஸ்' ஆக்கினார். நாங்களும் போட்டி வைத்தோம். பலரும் ஓசையை மட்டும் தமிழில் எழுதித் தந்தார்கள். அந்தச் சிறுமி எழுதியது ஒரே சொல்: 'விடாப்பிடி'. பொருளும் பொருந்தியது, நாய்க்கும் பொருந்தியது!

ஒரு தாயார் கவலையோடு வந்தார். "காட்டுப் பன்றியை வேட்டையாடித் தின்கிறார்களே அண்ணே! பிள்ளைகளிடம் இதைக் கொடுக்கலாமா?" என்றார். நியாயமான கேள்வி. நான் வாய் திறப்பதற்குள் அவருடைய பத்து வயது மகள் சொன்னாள்: "அது அவங்க சாப்பாடும்மா. நம்ம சாப்பாடு எதுன்னு எனக்குத் தெரியாதா?" வீட்டில் வேரூன்றிய ஹலால், ஹராம் அறிவு ஒரு படத்தைப் பார்த்து ஆட்டம் காணாது. எனினும், எந்த நூலையும் பெற்றோர் முதலில் தாமே படித்துப் பார்ப்பது நலம்.

இறுதி நாள் மாலை சிறு விழா எடுத்தோம். தோட்ட வேலை முடிந்து வந்த தாய்மாரும், சேலத்திலிருந்து வந்த உறவினரும் ஒரே பாயில் அமர்ந்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் படித்தார்கள்; வளைகுடாப் பிள்ளைகள் தாம் எழுதிய தமிழைப் படித்தார்கள். திக்கித் திணறியபோது பக்கத்தில் நின்றவர் மெல்லச் சொல்லிக் கொடுத்தார். கேலி செய்தவர் எவருமில்லை.

வாசகர்களே! தமிழில் படக்கதைகளுக்குப் பஞ்சமில்லை. 1972இல் முத்து காமிக்ஸும் 1984இல் லயன் காமிக்ஸும் சிவகாசியில் தோன்றின. லக்கி லூக் முதலிய ஐரோப்பியக் கதைகள் அவ்வழியே தமிழ் பேசின. ஒன்றை வாங்கிக் கொடுங்கள். கொடுத்துவிட்டு எழுந்து போகாமல், அருகில் அமர்ந்து, "இவன் நம் வீட்டில் இருந்தால் இதை எப்படிச் சொல்வான்?" என்று கேளுங்கள். வெளிநாட்டில் வளரும் பேரப்பிள்ளை பாட்டியின் கடிதத்தைத் தானே படிக்கும் நாள், அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கலாம், இன்ஷா அல்லாஹ்.